ஏழு மலையும் ஒரு மாமனாரும்!

"மாப்ளே, வெள்ளியங்கிரி போலாமுங்களா?" என்று என் மாமனார் கேட்டபோது என் வாய் நிறைய இட்லி. அந்த நிலையில் மனுஷனால் 'ம்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். 'மாட்டேன்' என்று சொல்ல வாய் காலியாக இருக்க வேண்டும். நான் விழுங்கி முடிப்பதற்குள் அவர் எழுந்துபோய் காலண்டரில் தேதியைச் சுழித்துவிட்டு வந்துவிட்டார்.

இது நடந்தது 2025 ஏப்ரலில்.

மாமனாருக்கு வயசு அறுபத்தேழு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெஸ்பாட்ச் செக்ஷனில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். இப்போது ஜாகை கோயமுத்தூர். வெள்ளியங்கிரி மலையை இதுவரை இருபத்திரண்டு தடவை ஏறியிருக்கிறார். அதற்கென்று ஒரு நோட்டே வைத்திருக்கிறார். தேதி, கூட வந்தவர்கள், பஸ் சார்ஜ், சுக்கு காபி விலை என்று கட்டம் போட்டு எழுதிய நோட்டு. பி.காம். படித்த எனக்கே அதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

நான் திருச்சிக்காரன். வயசு முப்பத்தெட்டு. என் மலையேற்ற அனுபவம் மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரோடு சரி. அங்கேயும் தாயுமானவர் சன்னதி வந்ததும் "இங்கேயே கும்பிட்டுக்கலாமே" என்று யோசிக்கிற பக்தன்.

இரவு மாமியார் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ளே, போன மார்கழியில இருந்து அவருக்கு லேசா மூச்சு வாங்குதுங்க. டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு. 'நடக்கலாம், ஆனா செங்குத்தா ஏறக் கூடாது'ன்னாரு. இவரு காதுல 'நடக்கலாம்' மட்டும்தான் விழுந்துது. நாஞ்சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க கூடப் போனீங்கன்னா முடியாத எடத்துல நிறுத்திக் கூட்டிட்டு வந்துருவீங்க. நாஞ்சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க!"

ஆக, நான் பக்தனாகப் போகவில்லை. மாமியாரின் ரகசிய ஆடிட்டராகப் போனேன்.

*

கோவைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பூண்டி. காந்திபுரத்தில் பஸ் ஏறினால் பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு என்று ஊர்கள் சின்னதாகிக்கொண்டே வரும், மலை பெரிசாகிக்கொண்டே வரும். பஸ் ரோடு முடிகிற இடத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். அதன் பக்கத்திலேயே மலைப் பாதை.

வெள்ளியங்கிரி என்பது ஒற்றை மலை இல்லை. ஏழு மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற குடும்பம். ஒன்றின் தலையில் ஏறினால் அடுத்ததன் கழுத்துக்குப் போகலாம். கடைசியாக ஏழாவது மலையின் குகையில் சுயம்பு லிங்கம். தென்கயிலாயம் என்பார்கள். உயரம் ஏறத்தாழ ஆறாயிரம் அடி. ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் வரும். 'ஆறு கிலோமீட்டர்தானே? ஒரு மணி நேரம்' என்று மனக்கணக்கு போடாதீர்கள். நான் போட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

வருஷம் பூரா ஏற முடியாது. பிப்ரவரியிலிருந்து மே முடிய வனத்துறை அனுமதிக்கும். சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் அலைமோதும். பெரும்பாலானவர்கள் ராத்திரியில் ஏறி விடியலை உச்சியில் பார்ப்பார்கள். வெயில் தெரியாது. முக்கியமாக, முன்னால் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதும் தெரியாது. நாங்கள் பகலில் ஏறி இருட்டுமுன் இறங்குவது என்று முடிவு. இரவு குளிர் மாமனார் நெஞ்சுக்கு ஆகாது என்பது என் மனசுக்குள் இருந்த கணக்கு. வெளியே சொன்ன காரணம், "எனக்கு ராத்திரியில கண்ணு சரியாத் தெரியாது மாமா."

அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கினோம். ஆளுக்கு ஒன்று, நாற்பது ரூபாய். "இது எதுக்கு மாமா? எனக்கென்ன வயசா ஆயிடுச்சு?" என்றேன்.

"போறப்ப இது தடிங்க மாப்ளே. வர்றப்ப இதுதான் காலு" என்றார்.

அடுத்து வனத்துறை சோதனை. விமான நிலையத்தில்கூட என் பையை யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, கவரை வாங்கிக்கொண்டு, பிஸ்கட்டைப் பேப்பரில் கொட்டிக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் பொடிக்கும் அதே மரியாதை. தண்ணீர் பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, இருபது ரூபாய் டெபாசிட் வாங்கிக்கொண்டார்கள். காலி பாட்டிலை ஸ்டிக்கரோடு திருப்பிக் கொண்டுவந்தால் பணம் வாபஸ். லட்சக்கணக்கில் ஜனம் வந்துபோகிற காட்டில் பிளாஸ்டிக்கைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. 'காட்டைக் காப்போம்' என்ற போர்டைவிட இருபது ரூபாய்க்கு நம் ஜனங்களிடம் மதிப்பு அதிகம்!

மாமனார் பையில் பிரிக்க ஒன்றுமே இல்லை. பாக்குமட்டையில் புளிச்சோறு, பொரிகடலை, நாட்டுச்சர்க்கரை, நாலு எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு பனியன் வேஸ்ட் துணி. காலில் செருப்புகூட இல்லை. நானோ ஆன்லைனில் அறுபது சதவீதத் தள்ளுபடியில் வாங்கிய மலையேற்ற ஷூ போட்டிருந்தேன். அந்த மீதி நாற்பது சதவீதத்துக்கும் அது தகுதியில்லாத ஷூ என்பது பின்னால்தான் தெரிந்தது.

*

காலை ஐந்து மணி. முதல் மலை.

வெள்ளியங்கிரி ஆண்டவர் பரீட்சையில் கஷ்டமான கேள்வியை முதலிலேயே வைத்துவிடுகிறார். முதல் மலை முழுக்கப் படிக்கட்டு. கல்லை அடுக்கி வைத்த படிகள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது கணுக்கால் உயரம். எந்த இரண்டு படிக்கும் ஒற்றுமை கிடையாது. இருநூறு படியில் பேச்சு நின்றது. முந்நூறில் சிந்தனை நின்றது. நானூறில், 'என் பேரில் எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசி பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது?' என்ற ஒரே கேள்வி மட்டும் மிச்சம்.

எனக்கு முன்னால் மாமனார் போய்க்கொண்டிருந்தார். பத்து படி ஏறுவார், நிற்பார், நாலு மூச்சு விடுவார், மறுபடி பத்து படி. வேகமும் கிடையாது, தாமதமும் கிடையாது. எங்களை முந்திக்கொண்டு ஓடிய காலேஜ் பையன்கள் ஐந்து பேர், கால் மணி கழித்து ஒரு பாறையில் துணி காயப்போட்ட மாதிரி கிடந்தார்கள்.

"ஓடறவன் மலைய ஏற மாட்டானுங்க மாப்ளே. மலை அவன் மேல ஏறிரும்" என்றார் மாமனார், மெதுவாகத் தாண்டிப் போனபடி.

முதல் மலையின் முடிவில் வெள்ளைப் பிள்ளையார் கோயில். தேங்காய் உடைத்துவிட்டு, "ஆச்சு, ஒண்ணு!" என்றார். மணி ஆறே கால்.

இரண்டாவது மலையில் வழுக்குப்பாறை. பாறையிலேயே படி செதுக்கியிருக்கிறார்கள். அப்புறம் பாம்பாட்டிச் சுனை. மூன்றாவதில் கைதட்டிச் சுனை. கை தட்டினால் தண்ணீர் சுரக்கும் என்று நம்பிக்கை. நானும் தட்டினேன். முன்னால் போன ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னங்க, கூப்டீங்களா?" என்றார்.

வழி நெடுக, பருவத்துக்கு மட்டும் முளைக்கிற கடைகள். சோடா, சர்பத், மோர், சுக்கு காபி. அடிவாரத்தில் பதினைந்து ரூபாய்க்குக் குடித்த சுக்கு காபி, மூன்றாவது மலையில் முப்பது. ஐந்தில் நாற்பது, ஆறில் ஐம்பது. "அநியாயம்!" என்று ஒருத்தர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். காமர்ஸ் பட்டதாரி என்ற முறையில் நான் கடைக்காரர் கட்சி. தண்ணீர், சர்க்கரை, அடுப்பு எல்லாமே மனுஷன் தலையில் ஏறி வருகிறது. நான் என் உடம்பை மட்டும் தூக்கி வந்ததற்கே ஆண்டவரிடம் கூலி கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மலை முடிகிற இடத்தில்தான் அது நடந்தது.

மேலே இருந்து சத்தம். "சாமி, வழி விடுங்க... வழி விடுங்க!" மூங்கிலில் துணி கட்டிய டோலி. முன்னால் இருவர், பின்னால் இருவர், அந்தப் பாறை வழியில் ஏறக்குறைய ஓடி வந்தார்கள். டோலியில் நாற்பத்தைந்து வயசு இருக்கிற ஒருவர். கண் மூடியிருந்தது. ஒரு கை வெளியே தொங்கியது. பின்னாலேயே ஒரு பையன், இரண்டு தடியையும் கையில் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே ஓடினான். ஒன்று அவனுடையது. இன்னொன்று அவருடையதாக இருக்க வேண்டும்.

அத்தனை நேரம் இருந்த "அரோகரா" சத்தம் நின்றுபோனது. டோலி வளைவில் மறைகிறவரை ஒருத்தரும் பேசவில்லை.

இது புதுசு இல்லை. 2024 பருவத்தில் மட்டும் இந்த மலையில் மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் இறந்தவர்கள் அரை டஜனுக்கு மேல். எல்லாரும் வயசானவர்களும் இல்லை. இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுத் தொல்லை இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று அறிவிப்பு செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு அந்த அறிவிப்பு எப்போதும் பக்கத்தில் நிற்பவருக்குத்தான்.

"மாமா, திரும்பிடலாமா?" என்றேன். "எனக்கு முட்டி வலிக்குது" என்று சேர்த்துக்கொண்டேன். மாமியாருக்குக் கொடுத்த வாக்கு.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். முகத்தையா, முட்டியையா என்று தெரியவில்லை.

"உங்களுக்கு நெஞ்சுல ஏதும் பண்ணுதுங்களா?"

"இல்லீங்க மாமா. முட்டிதான்."

"முட்டின்னா இனிமே நல்ல வழிதானுங்க. நாலாவது மலையில ஏத்தமே இல்ல. மெதுவாப் போலாம்" என்றார். அதற்கப்புறம் அவர் பத்து படிக்குப் பதில் ஐந்து படியில் நிற்க ஆரம்பித்ததைக் கவனித்தேன். மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

*

நாலாவது மலைக்கு வந்ததும் உலகமே மாறிவிடுகிறது. அதுவரை மரங்களுக்குள்ளே சுரங்கம் மாதிரி வந்த பாதை சட்டென்று திறந்துவிட்டது. இனிமேல் ஏறுவது குறைவு, நடப்பது அதிகம். மலையின் முதுகெலும்பு மேலேயே ஒற்றையடிப் பாதை. ஒட்டர் சமாதியைத் தாண்டினால் ஐந்தாவது மலை. அங்கே பீமன் களியுருண்டை என்று ஒரு பாறை. வனவாசத்தில் பீமன் உருட்டி வைத்த களியாம். பீமன் பசிக்கு அதுவே சிற்றுண்டியாகத்தான் இருக்கும்.

இரண்டு பக்கமும் புல்வெளிச் சரிவு. காற்று ஆளைத் தள்ளுகிறது. கிழக்கே கீழே கோவைச் சமவெளி, பகல் புகை மூட்டத்தில் பழைய போட்டோ மாதிரி. மேற்கே மடிப்பு மடிப்பாகக் காடு. அது கேரளா. முன்னால் பார்த்தால் அடுத்த மலை, அதன் பின்னால் அடுத்தது. நேற்றுவரை பஸ் ஜன்னலிலிருந்து ஒரே நீலமாகப் பார்த்த சுவருக்கு இத்தனை முதுகும் இத்தனை பள்ளமும் இருக்கிறது என்று அங்கே நின்றால்தான் தெரிகிறது.

"மாமா, எவ்வளவு அழகு!" என்று சொல்லிக்கொண்டே ஒரு கால் எடுத்து வைத்தேன். கால் வந்தது. ஷூ அடி வரவில்லை.

வலது ஷூ முதலை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை உருவி, நீளமாகக் கிழித்து, ஷூவைச் சுற்றி எட்டுப் போட்டுக் கட்டி முடிச்சுப் போட்டார். முப்பது வருஷம் பார்சல் கட்டிய கை. அடிவாரம்வரை அது அவிழவே இல்லை.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டி துணிங்க மாப்ளே" என்றார்.

ஆறாவது மலையில் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறோம். பாதை பள்ளத்துக்குப் போகிறது. அங்கே ஆண்டி சுனை. ஏழாவது மலைக்குப் போகுமுன் அதில் குளிப்பது வழக்கம். சித்திரை வெயில் காலத்திலும் தண்ணீர் ஐஸ் மாதிரி. தலையை முக்கியவர்கள் எல்லாரும் ஒரே சுருதியில் அலறினார்கள். நானும் அந்தக் கச்சேரியில் கலந்துகொண்டேன்.

மாமனார் குளிக்கவில்லை. இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொய்யல் ஆறு இந்த மலைத் தண்ணிதானுங்க மாப்ளே. இங்க எப்படி இருக்குது பாருங்க. நாஞ்சோலி பாத்த காலத்துல திருப்பூருக்கு இது வந்து சேர்றப்ப ஒரு நாளைக்குச் செவப்பா வரும், ஒரு நாளைக்கு நீலமா வரும். அன்னிக்கு எந்தக் கலரு ஆர்டருன்னு ஆத்தப் பாத்துத் தெரிஞ்சுக்குவோம். நாங்க சிரிச்சுட்டே சொல்லுவோமுங்க..."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை இப்போது. சாயக் கழிவை முழுக்கச் சுத்திகரிக்காத ஆலைகளை மூடச் சொல்லி 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்த ஆறு அது. கரூர் மாவட்டத்தில் காவிரியோடு போய்ச் சேர்கிற அந்த ஆற்றின் குழந்தைப் பருவத்தைப் பார்க்கத்தான் இவர் வருஷா வருஷம் ஏறி வந்தாரோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

சாப்பிட்டோம். புளிச்சோறு அன்றைக்கு இருந்த ருசியை நான் எழுதினால் மாமியாருக்குத் தலைக்கனம் வந்துவிடும். எழுந்தேன். அவர் எழவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க மாப்ளே. நா இங்கயே உக்காந்துக்கறேன்."

"மாமா! இன்னும் ஒரு மலைதானே?"

"ஒரு மலைதானுங்க. அந்த ஒண்ணு செங்குத்து. டாக்டரு சொன்னது எனக்கு நல்லாவே காதுல விழுந்துச்சுங்க. ஊட்ல சொல்லிப்போடாதீங்க" என்றார். கற்பூரப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "என் பேருக்கு ஒண்ணு கொளுத்திருங்க."

இருபத்திரண்டு தடவை போன மனுஷன் சாமியைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு 'போதும்' என்கிறார். இருபத்து மூன்றாவது கட்டம் அந்த நோட்டில் காலியாக நிற்கும். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பிசிறு இல்லை. எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது.

*

ஏழாவது மலை செங்குத்து என்று அவர் சொன்னது குறைத்துச் சொன்னது. கையையும் கால் கணக்கில் சேர்த்துக்கொண்டு ஏறினேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மேலே பெரிய பெரிய பாறைகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்க, நடுவே குகை. உள்ளே லிங்கம். வரிசையில் நின்று, குனிந்து, கற்பூரம் கொளுத்தினேன். வெளியே வந்தால் மேற்கே காட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு. சிறுவாணி நீர்த்தேக்கம். அணை இருப்பது கேரள மண்ணில், அந்தத் தண்ணீரைக் குடிப்பது கோவை.

இந்த இடத்தில் நின்றுதான் எல்லாரும் மெய்சிலிர்த்ததாக எழுதுகிறார்கள். நானும் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நிஜத்தைச் சொன்னால், எனக்கு மனசு முழுக்க ஆண்டி சுனையில் இருந்தது. அந்த டோலி, வெளியே தொங்கிய கை, பையனிடம் இருந்த இரண்டு தடி. 'தனியாக விட்டுவிட்டு வந்தோமே!' சாமியிடம் எனக்காக எதுவும் கேட்க மறந்துபோனது கீழே பாதி இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இறங்குகிற வரிசை நகரவே மாட்டேன் என்றது. சுனைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை.

மாமனார் இல்லை.

உட்கார்ந்திருந்த இடத்தில் பாக்குமட்டை மட்டும் கிடந்தது. சுனையைச் சுற்றி வந்தேன். "மாமா!" என்று கத்தினேன். அங்கே இருந்த நாலைந்து மாமாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. எவ்வளவோ குளிர்காற்றிலும் முதுகில் வியர்த்தது. மாமியாரிடம் என்ன சொல்வது? என் மனைவியிடம்?

சோடாக் கடைப் பையன்தான் சொன்னான். "வெறுங்கால்ல ஒரு பெரியவரு இருந்தாருங்களே? அவரு அப்பவே மேல போனாருங்!"

மேலே! பனியன் துணி கட்டிய ஷூவோடு ஏழாவது மலையில் மறுபடி ஏறினேன். இந்தத் தடவை முட்டி வலி, மூச்சு எதுவும் நினைவில் இல்லை. கால்வாசி ஏறியிருப்பேன். பாதையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பாறை நிழலில் தடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது அந்த இடத்தைத் தாண்டித்தான் நான் வந்திருக்கிறேன். உதடு காய்ந்து, மூச்சு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா! எதுக்கு ஏறினீங்க? போதும்னுதானே சொன்னீங்க?"

"மணி ஒண்ணு ஆச்சுங்களே... உங்களக் காணோம். எங்கியாச்சும் தல சுத்தி உழுந்து கெடக்கறீங்களோன்னு... பாக்கலாம்னு..."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அரை மணி நேரம் அந்தப் பாறை நிழலிலேயே உட்கார்ந்திருந்தோம். மூச்சு அவருக்குச் சீராகிறதா என்று நானும், எனக்குச் சீராகிறதா என்று அவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

*

இறங்குவது சுலபம் என்று சொன்னவன் இந்த மலையில் இறங்காதவன். ஏறும்போது மூச்சு போனது, இறங்கும்போது முழங்கால் போனது. கடைசியில் வருகிற முதல் மலைப் படிகளில் என் தொடை இரண்டும் தனித்தனியாக ஆடின. அவர் சொன்னபடியே தடிதான் கால். ஆறரை மணிக்கு, வெளிச்சம் போகுமுன், பூண்டிக்கு வந்துசேர்ந்தோம். யானை நடமாடுகிற காடு. இருட்டில் அவற்றோடு வழிப் போட்டி வேண்டாம் என்பது மாமனாரின் சட்டம். பாட்டிலைக் கொடுத்து டெபாசிட் இருபது ரூபாயை வாங்கினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு இருபது ரூபாய் சம்பாதித்ததில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. போகும் முன் ஒரு டாக்டரைப் பாருங்கள், அவர் சொல்வதை முழு வாக்கியமாகக் கேளுங்கள். ஒரு மாதம் மாடிப்படி ஏறிப் பழகுங்கள். தடி வாங்கத் தயங்காதீர்கள். புது ஷூ வேண்டாம். தனியாகப் போகாதீர்கள். நெஞ்சில் வலியோ படபடப்போ வந்தால், 'இன்னும் ஒரு மலைதானே' என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கேயே உட்காருங்கள், ஆள் கூப்பிடுங்கள். மலை அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும்.

டீக்கடையில் உட்கார்ந்ததும் சிக்னல் வந்தது. முதல் போன் என் மனைவி. எனக்கு இல்லை, அவள் அப்பாவுக்கு. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா! அவரு நல்லா இருக்காரா? நான்தான் சொன்னேனே, போன மாசம் மூணு மாடி ஏறி வந்து கால் மணி நேரம் சோபாவுல படுத்துட்டாருன்னு. பாத்துக் கூட்டிட்டுப் போனீங்கல்ல? நான் சொன்னேன்னு அவருகிட்ட மூச்சு விட்டுடாதீங்க!"

மாமனார் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்தார். மூன்றாவது மலையில் என் முட்டியைப் பார்க்காமல் நெஞ்சைப் பற்றிக் கேட்டது, பத்து படியை ஐந்தாகக் குறைத்தது, எல்லாம் அப்போதுதான் எனக்குப் பொருத்தமாக வந்து உட்கார்ந்தது.

"மாமா, உங்க வீட்லயும் என்கிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பினாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுமுங்க" என்றார். "சமையல்கட்டுல பேசுனா திண்ணைக்குக் கேக்குமுங்க. அந்த விஷயத்துல மட்டும் எனக்குக் காது நல்லாவே கேக்கும்."

காலேஜில் இரட்டைப் பதிவு முறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். மூன்று வருஷம் படித்தும் புரியாத அந்தப் பாடம் பூண்டி டீக்கடையில் புரிந்தது.

இரவு வீட்டில் நோட்டை எடுத்தார். தேதி எழுதினார். கூட வந்தவர்: மாப்பிள்ளை. சுக்கு காபி: ஆறாவது மலையில் 50. கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு '22¼' என்று எழுதினார். அதன் கீழே புதுசாக ஒரு கோடு போட்டு, என் பெயரை எழுதி, '1¼' என்று போட்டார்.

"எனக்கு எதுக்கு மாமா அந்தக் கால்?" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தேடிட்டுப் போனதுங்க மாப்ளே. உங்க கணக்குலயும் இருக்கோணும், என் கணக்குலயும் இருக்கோணும்" என்று சொல்லி நோட்டை மூடினார்.